மேனிஃபோல்டைத் தொடாத ஒயர்

செவ்வாய்க்கிழமை பொழுது விடியும்போதே மதகடிப்பட்டுச் சந்தை களைகட்டிவிடும். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது இந்த ஊர். சந்தைக்கு மாடுகளை இப்போது நடத்தியே ஓட்டிவருவது குறைவு, வண்டியில்தான் ஏற்றிவருகிறார்கள். டாடா ஏஸ், பொலேரோ பிக்கப் என்று வந்து நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை டீசல். டீசல் எஞ்சினில் காற்றை இறுக்கி அழுத்துவதால் வரும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். தீப்பொறி வேண்டியதில்லை, ஸ்பார்க் பிளக் வேண்டியதில்லை, பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஒயரும் வேண்டியதில்லை.

எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் நிலைமை வேறு. அன்றைய இந்திய லாரிகளிலும் பஸ்களிலும் பெரும்பாலும் இருந்தது பெட்ரோல் எஞ்சின். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் ஆலை போட்டு வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. செவர்லே லாரி ஊர்ப்பெயர் போலப் பழகிப்போனது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து வாயு எடுக்கும் கருவியைச் செய்து, அதே பெட்ரோல் எஞ்சின்களைக் கரிவாயுவில் ஓட வைத்தது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஃபோர்டு, செவர்லே லாரிகள் ஊர் ஊராகப் பரவின. பிறகு சென்னை சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்யத் தொடங்க, பழைய பெட்ரோல் லாரிகளில் எஞ்சினை இறக்கிவிட்டு டீசலை ஏற்றுவது வழக்கமானது. அந்த மாற்றத்தோடு ஒரு தொழில்நுணுக்கமும் மெல்ல மறைந்தது. கொதிக்கும் இரும்பை ஒட்டி, ஆனால் அதைத் தொடாமல், பல்லாயிரம் வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுபோவது எப்படி என்ற நுணுக்கம் அது.

அது முழுவதும் அழிந்துவிடவில்லை. ராணுவம் ஏலம் விட்ட ஜோங்காக்களையும் பழைய மகிந்திரா பெட்ரோல் ஜீப்புகளையும் வாங்கி ஓடவைப்பவர்கள் தமிழகம் முழுக்க இருக்கிறார்கள். ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் நிஸ்ஸான் உரிமத்தின் பேரில் செய்யப்பட்ட ஜோங்காவில் 3,956 சி.சி. கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பல ஆண்டுகள் ஷெட்டில் கிடந்த அப்படி ஒரு வண்டியைக் கிளப்பும்போது, கார்புரேட்டருக்கு அடுத்து மெக்கானிக்கின் கை போகும் இடம் பிளக் ஒயர்தான். ஒயரைப் புதிதாக மாற்றிவிடுவார்கள். ஆனால் பழைய ஒயர் எந்த வழியாகப் போயிற்று, எந்த கிளிப்பில் நின்றது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கிளிப் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். புது ஒயர் எங்கே வசதியோ அங்கே படுத்துக்கொள்ளும். சில மாதங்களில் வண்டி மிஸ்ஸிங் அடிக்க, அதாவது ஏதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுவிட்டு ஓட ஆரம்பிக்கும்.

அந்த ஒயருக்குள் நடப்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

பாட்டரியில் இருப்பது 12 வோல்ட். போர்க்கால வண்டிகள் பலவற்றில் 6 வோல்ட்தான். அதைப் பல மடங்கு உயர்த்தும் காயிலுக்குள் தடித்த கம்பிச் சுற்று ஒன்றும், அதைவிடப் பல மடங்கு அதிகச் சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பிச் சுற்று ஒன்றும் இருக்கின்றன. டெல்கோ என்று பட்டறைகளில் அழைக்கப்படும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயின்ட் என்ற தொடர்பு முனை திறக்கும் கணத்தில், தடித்த சுற்றின் காந்தப்புலம் சட்டெனச் சரிகிறது. மெல்லிய சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழுகிறது. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் உருவாக்கிய இந்த முறை, பெரிய மாற்றமின்றி அரை நூற்றாண்டுக்கும் மேல் உலகை ஓட்டியது. சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். செய்த டிஸ்ட்ரிபியூட்டர்களும் அதே அடிப்படையில் அமைந்தவைதான்.

ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது காயில் நொடிக்கு 150 தடவை பொறி விட வேண்டும். ஒவ்வொரு பொறியும் தன் முறை வந்த பிளக்குக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும். வழியில் எங்கேயாவது அதைவிட எளிதான பாதை கிடைத்தால் மின்சாரம் அதைத்தான் பிடிக்கும். எஞ்சின் முழுவதும் இரும்பு, முழுவதும் எர்த். அதனால் ஒயரின் உறையில் ஊசிமுனை அளவு ஓட்டை போதும்.

இனி சூட்டுக்கு வருவோம். சிலிண்டரிலிருந்து எரிந்து வெளியேறும் புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. நிதானமான ஓட்டத்தில் அதன் மேற்பரப்பு 300 டிகிரி செல்சியஸைச் சுற்றி இருக்கும். பாரம் ஏற்றி மேடேறினால் 450-ஐத் தொடலாம். சுமார் 525 டிகிரியில் எந்தத் திடப்பொருளும் இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்கும் என்று விஞ்ஞானி ஜான் டிரேப்பர் 1847-ல் காட்டினார். மலைப்பாதை ஏறி நின்ற பழைய லாரியின் மேனிஃபோல்டு இரவில் சிவந்து தெரிந்தால் அது இந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

இந்தச் சூடு ஒயரைச் சென்றடைய அதைத் தொடவே வேண்டியதில்லை. கதிர்வீச்சாக வரும் வெப்பம், பொருளின் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது என்பது ஸ்டீபன்–போல்ட்ஸ்மன் விதி. கணக்குப் போட்டால் 300 டிகிரியில் கரிய பரப்பு ஒன்று சதுர மீட்டருக்கு 6 கிலோவாட்டுக்குச் சற்று அதிகமாக வெப்பத்தை வீசும். 450 டிகிரியில் பதினைந்தரை கிலோவாட். வெப்பநிலை ஒன்றரை மடங்குதான் கூடியதாகத் தெரிகிறது, வீசும் வெப்பமோ இரண்டரை மடங்கு. உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட். துருவேறிய வார்ப்பிரும்பு முழுக் கரிய பரப்பு இல்லையென்றாலும் அதற்கு அருகில் வருவது. ஆகவே மேனிஃபோல்டுக்கு விரல்கடை தூரத்தில் கிடக்கும் ஒயர், சித்திரை வெயிலைப்போல் பல மடங்கு வெப்பத்தை வாங்கிக்கொண்டே கிடக்கிறது.

ஓடும்போது ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் காற்றாவது கொஞ்சம் சூட்டை எடுத்துப்போகும். எஞ்சினை அணைத்ததும் அதுவும் நின்றுவிடுகிறது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சூடு விடாததைப்போல, அந்தக் கனத்த இரும்பு மூடிய பானெட்டுக்குள் தன் வெப்பத்தையெல்லாம் கக்கும். சாலையில் ஓடிய ஒரு மணி நேரத்தைவிட, டீக்கடை வாசலில் நின்ற கால் மணி நேரம் ஒயரின் மேல் அதிகக் கொடுமை செய்யக்கூடும்.

உறைப்பொருள் இதை எவ்வளவு தாங்கும்? போர்க்கால லாரிகளில் இயற்கை ரப்பர் உறை, அதன்மேல் வார்னிஷ் பூசிய பருத்திப் பின்னல். பின்னாளில் மலிவாகக் கிடைத்த பி.வி.சி. உறை 70 முதல் 105 டிகிரி வரைதான் தாங்கும். வீட்டு வயரிங் கம்பிக்குப் போடுவதும் இந்த வகைதான். இன்று கிடைக்கும் சிலிகான் ரப்பர் 200 டிகிரியைத் தாங்கும். தாங்கும் என்றால் என்றைக்கும் தாங்கும் என்று அர்த்தமில்லை. வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் உறை மூப்படையும் வேகம் இரண்டு மடங்காகும் என்பது மின்பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் தோராயக் கணக்கு. 90 டிகிரியில் எட்டு ஆண்டு உழைக்கும் உறை, 110 டிகிரியில் இரண்டே ஆண்டில் விறைத்து வெடிக்கும். ஒயரை இரண்டு விரற்கடை நகர்த்துவதால் இந்த இருபது டிகிரியைக் குறைத்துவிட முடியும் என்பதுதான் இந்த விஷயத்தின் சாரம். விலை உயர்ந்த ஒயரைத் தவறான வழியில் கொண்டுபோவதைவிட, சாதாரண ஒயரைச் சரியான வழியில் கொண்டுபோவது மேல்.

சூட்டோடு கதை முடிவதில்லை. மின்சாரமும் தன் பங்குக்கு அதே இடத்தில் தாக்குகிறது. ஒயருக்கும் எர்த் ஆன இரும்புக்கும் நடுவில் மெல்லிய காற்றிடைவெளி இருந்தால், ரப்பருக்குள் இருப்பதைவிட அந்தக் காற்றுக்குள் மின்புலம் கடுமையாகக் குவியும். காற்று கண்ணுக்குத் தெரியாமல் அயனியாகி மெல்ல ஒளிரும். அப்போது ஓசோன் உண்டாகிறது. ஓசோன் இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை வெட்டும். எங்கே ரப்பர் இழுபட்டு நிற்கிறதோ அங்கே முதலில் வெட்டும். அதனால்தான் கூர்மையாக மடித்துப் போட்ட ஒயர், மடிப்பின் வெளிப்பக்கத்தில் குறுக்குக் குறுக்காக வெடித்திருக்கும். சிலிகானின் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் ஓசோன் அதை அசைக்க முடிவதில்லை.

இன்னொன்றும் உண்டு, இதைப் பட்டறைகளில் யாரும் சொல்வது அரிது. காற்றே ஒரு மின்காப்புப் பொருள். அடர்த்தி குறைந்தால் அதன் காப்புத்திறன் குறையும். சாதாரண அறை வெப்பத்தில் ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். மேனிஃபோல்டைத் தழுவிக் கிடக்கும் 300 டிகிரிக் காற்றின் அடர்த்தி அதில் பாதிதான். தாண்டத் தேவையான வோல்ட்டும் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ரப்பர் மூப்படைவது, ஓசோன் உருவாவது, காற்று காப்பிழப்பது ஆகிய மூன்றும் அதே சில மில்லிமீட்டருக்குள் கூடிக்கொள்கின்றன. ஒயரைத் தள்ளி வைத்தால் மூன்றும் சேர்ந்தே விலகுகின்றன.

இதனால்தான் கோளாறு முதலில் மேட்டில் தெரியும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் கலவை அதிகமாக நுழைகிறது, அழுத்தம் கூடுகிறது, பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படுகிறது. சமதரையில் பிளக்குக்கே போய்க்கொண்டிருந்த பொறி, மேட்டில் வெடிப்புள்ள உறை வழியாக மேனிஃபோல்டுக்குத் தாவிவிடுகிறது. மதகடிப்பட்டிலிருந்து விழுப்புரம்வரை ஒரு குறையும் சொல்லாமல் ஓடிய ஜீப், ஏற்காட்டுக் கொண்டையூசி வளைவுகளில் திணறினால் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் ஒயரைப் பார்ப்பது நல்லது. ஒருமுறை தாவிவிட்டால் அந்தப் பாதையில் உறை கரிந்து கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பிறகு சமதரையிலும் தாவும். எரியாத பெட்ரோல் கலவை மேனிஃபோல்டுக்குள் போய் அங்கே எரிந்து, டப் டப்பென்று சைலன்சர் வெடிக்கும். மேனிஃபோல்டு இன்னும் சூடேறும்.

எஞ்சின் வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பழைய செவர்லே ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பாருங்கள். கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரு பக்கம். டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக்குகளும் மறுபக்கம். ஒயர்கள் சூடான பக்கத்தை எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே கிடையாது. 1932-ல் வந்த ஃபோர்டு வி-8 எஞ்சின் வேறு வழியில் அதைத் தீர்த்தது. வால்வுகள் பிளாக்குக்குள், பிளக்குகள் தட்டையான ஹெட்டின் மேலே, மேனிஃபோல்டுகள் இரண்டு வெளிப்பக்கங்களிலும் கீழே. ஒயர்களை உலோகக் குழாய்க்குள் நுழைத்துக் கட்டாகக் கொண்டுபோனார்கள். இதற்கு ஃபோர்டு கொடுத்த விலை, எரிந்த புகை பிளாக்கின் ஊடாகவே வெளியேறியதால் ரேடியேட்டர் தண்ணீர் சீக்கிரம் கொதித்ததுதான். சூட்டை ஒரு பொருளிடமிருந்து விலக்கினால் அது வேறொன்றின் தலையில் ஏறும்.

சிக்கல் உச்சத்துக்குப் போனது 1955-ல். அந்த ஆண்டு செவர்லே லாரிகளுக்கு வந்த சின்ன வி-8 எஞ்சின் கையடக்கமானது, எடை குறைந்தது, உலகின் மிக அதிகமாகச் செய்யப்பட்ட எஞ்சின்களில் ஒன்றானது. ஆனால் அதன் பிளக்குகள் ஹெட்டின் வெளிப்பக்கத்தில், மேனிஃபோல்டுக் குழாய்களுக்கு அடியில் இருக்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டரோ பின்னால், ஓட்டுநர் கால்வைக்கும் தடுப்பை ஒட்டி. எட்டு ஒயர்களும் எப்படியாவது மேனிஃபோல்டைக் கடந்தாக வேண்டும். தொழிற்சாலையில் அவற்றுக்குத் தாங்கிகள் வைத்தார்கள். ஒவ்வொரு ஒயருக்கும் இத்தனை நீளம், இந்த வளைவு என்று குறித்தார்கள். பழைய லாரியை மீட்டெடுப்பவர்கள் அமெரிக்காவில் இன்றும் திண்டாடுவது இந்த இடத்தில்தான். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை எடுத்துவிட்டு மெல்லிய எஃகுக் குழாய் போட்டால் நிலைமை இன்னும் மோசம், குழாய்கள் பிளக்கை உரசிக்கொண்டு போகும். அவர்களுக்காகவே பிளக்கின் முனையில் ரப்பருக்குப் பதில் செராமிக்கில் செய்த உறைகள் விற்கின்றன.

அதே எஞ்சினில் வேறொரு பாடமும் இருக்கிறது. அதன் எரிவரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தாவதும் ஏழாவதும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், அடுத்தடுத்து எரிபவை. இந்த இரண்டு ஒயர்களையும் ஒட்டி இணையாகக் கொண்டுபோனால், ஐந்தில் பாயும் மின்துடிப்பு ஏழின் ஒயரிலும் ஒரு துடிப்பைத் தூண்டும். ஏழாவது சிலிண்டரில் கலவை அப்போது அழுத்தப்பட்டுக்கொண்டிருக்கும். வேளை வருமுன் அங்கே பொறி விழுந்தால் மேலே ஏறிவரும் பிஸ்டனை நெருப்பு எதிர்த்து அடிக்கும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று எல்லா ஒயர்களையும் ஒரே கட்டாகச் சேர்த்துக் கட்டியவர்கள் இப்படிப் பிஸ்டனை இழந்திருக்கிறார்கள். அந்த இரண்டையும் விலக்கி வைக்க வேண்டும். சந்தித்தே ஆக வேண்டும் என்றால் குறுக்காக வெட்டிக்கொண்டு போக வேண்டும்.

சரி, மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் கிடைக்கும் பொருளைக்கொண்டு இதைச் சரிசெய்ய முடியுமா? தாராளமாக முடியும். முதல் வேலை தூரம். மேனிஃபோல்டிலிருந்து குறைந்தது ஓர் அங்குலம், இடமிருந்தால் இரண்டு. ஒயர் தானாக அந்தத் தூரத்தில் நிற்காது, தாங்கி வேண்டும். பழைய வண்டிகளில் பேக்லைட் பட்டைகளோ, ரப்பர் வைத்த தகரக் கிளிப்புகளோ இருந்தன. அவை கிடைக்காவிட்டால் வால்வு மூடியின் போல்ட்டிலோ ஹெட் போல்ட்டிலோ ஒரு பட்டையைப் பொருத்திக்கொள்ளலாம். எல்லாருக்கும் கைக்கு எளிதாகக் கிடைக்கும் நைலான் டேக் மட்டும் வேண்டாம். சாதாரண நைலான் டேக் தொடர்ந்து தாங்குவது 85 டிகிரி. மேனிஃபோல்டின் அருகில் அது சில வாரங்களில் மொறுமொறுத்து ஒடியும். எந்த ஒயரை அது தூக்கிப் பிடித்திருந்ததோ அது நேராகச் சூட்டின் மேல் விழும்.

தூரம் கிடைக்காத இடத்தில் மறைப்பு. மேனிஃபோல்டுக்கும் ஒயருக்கும் நடுவில் ஒரு தகடு. கரிய தகடாக இருந்தாலே கதிர்வீச்சு பாதியாகும். பளபளப்பான அலுமினியத் தகடு அதற்கும் மேல் தடுக்கும். தகட்டின் இரண்டு பக்கமும் காற்றோட வேண்டும் என்பது முக்கியம். மேனிஃபோல்டோடு ஒட்டி முடுக்கிவிட்டால் தகடே மேனிஃபோல்டாகிவிடும்.

கடைசியாகத்தான் உறை. வில்லியனூர், பாகூர் பக்கங்களில் நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் உண்டு, அவற்றுக்குக் காயில் கட்டும் கடைகளும் உண்டு. அந்தக் கடைகளில் கண்ணாடி இழையால் பின்னி வார்னிஷோ சிலிகானோ பூசிய ஸ்லீவ் கிடைக்கும். வகையைப் பொறுத்து 155 அல்லது 180 டிகிரி தாங்கும். ஒயரின் மேல் அதை நுழைத்துவிடலாம். ஆனால் ஸ்லீவ் சூட்டைத் தாமதப்படுத்துமே தவிர அழிக்காது. நாள் முழுவதும் ஓடும் வண்டியில் உள்ளே இருக்கும் ரப்பரும் மெல்ல அதே சூட்டுக்கு வந்து சேரும். தூரமும் காற்றும் இல்லாமல் ஸ்லீவை மட்டும் நம்புவது வீண். பழைய மெக்கானிக்குகள் மேனிஃபோல்டில் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு எங்கேயாவது இன்னும் இருந்தால் அதைக் கையால் பிய்க்கக் கூடாது; அந்தத் தூசு நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது. நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு, தூசு பறக்காமல் எடுத்துப் பையில் கட்ட வேண்டும்.

ஒயரின் நீளத்திலும் தாராளம் வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிலேட்டர் கொடுத்ததும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. விறைப்பாக இழுத்துக் கட்டிய ஒயர் அந்த ஒவ்வொரு சாய்விலும் பிளக் முனையில் இழுபடும். கார்பன் இழை உள்ள ஒயர்களில் இது மேலும் ஆபத்து, இழை உள்ளே அறுந்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. மல்டிமீட்டர் அந்த அறுப்பைக் காட்டும். உறையில் உள்ள வெடிப்பைக் காட்டாது. பாட்டரி வோல்ட்டில் அளக்கும் கருவி, பதினையாயிரம் வோல்ட்டில் எங்கே கசியும் என்பதை அறிய வழியில்லை.

அதற்கு இருட்டுதான் கருவி. இரவில், திறந்த வெளியில், பானெட்டைத் தூக்கிவைத்து எஞ்சினை ஓடவிட வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் கூடாது, புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். விளக்குகளை அணைத்துவிட்டுப் பார்த்தால், கசியும் இடத்தில் நீல நிறத்தில் மெல்லிய ஒளி துடிக்கும். ஒன்றும் தெரியாவிட்டால் செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரால் ஒயர்களின் மேல் பனிபோல் தண்ணீர் அடிக்கலாம். மேனிஃபோல்டின் மேல் படாமல் அடிக்க வேண்டும், கொதிக்கும் வார்ப்பிரும்பு திடீரென நனைந்தால் விரிசல் விடும். மார்கழிக் காலையில் மட்டும் மிஸ்ஸிங் அடித்து, வெயில் ஏறியதும் சரியாகிவிடும் வண்டிகளின் ரகசியமும் இந்த ஈரம்தான். இந்தச் சோதனையின்போது கை, ஸ்பேனர், சட்டை நுனி எதுவும் ஒயர்களின் அருகில் போகக் கூடாது. ஒயர்களைப் புதிய வழியில் அமைத்த பிறகு இந்தச் சோதனையை இரண்டு முறை செய்ய வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை. பாரத்தோடு நல்ல ஓட்டம் ஓடிவந்து, மேனிஃபோல்டு முழுச் சூட்டில் இருக்கும்போது இன்னொரு முறை. சூட்டில் இரும்பு விரிந்து, ரப்பர் இளகி, ஒயர் எவ்வளவு தொய்கிறது என்பது அந்த இரண்டாவது முறையில்தான் தெரியும். கிளிப்பின் இடத்தை அதற்குப் பிறகு முடிவு செய்து போல்ட்டை இறுக்கினால் போதும்.